வரைபடம் கதை சொல்லும்போது தரவு வளையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி

வணக்கம். மாதாந்தர ஆய்வுக் கூட்டத்துக்காகப் பதினான்கு வரைபடங்கள் கொண்ட டாஷ்போர்டு (பல வரைபடங்களை ஒரே திரையில் காட்டும் பலகை) ஒன்றைப் பவர் பிஐ என்ற தரவுக் காட்சி மென்பொருளில் தயாரித்து வந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. எனவே சென்ற மாதம் ஒரே ஒரு வரைபடத்தை மட்டும் காட்டினேன். எங்களை விட்டு விலகிய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் முன்பே புகார் செய்தவர்கள் என்பதுதான் அதன் செய்தி. உடனே நிதிப் பிரிவு மேலாளர், "கதைக்கு ஏற்ற தரவை மட்டும் எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார். என்னால் உறுதியாக மறுக்க முடியவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கதையாகச் சொல்லவும் வேண்டும், நேர்மையும் குறையக் கூடாது என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

ஒரே வரைபடமாகக் குறைத்தது சரியான செயல்தான். அந்தக் கூட்டத்தில் யார் எந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு உதவாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னிணைப்புக்குப் போகட்டும். பட்டை வரைபடமாக இருந்தால் அளவைக் காட்டும் அச்சுக்கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 2

மேலாளரின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். குளிரில் ஓ-வளையங்கள் (ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) சரியாக அடைக்காமல் போகலாம் என்ற அச்சம் முந்தைய நாளே பேசப்பட்டது. ஆயினும், வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு ஒப்பிட்டால் தொடர்பு எதுவும் புலப்படாது என்றும், பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்தால்தான் படம் மாறுகிறது என்றும் விசாரணை ஆணையம் பின்னர் சுட்டிக்காட்டியது. வளையத்தின் வெப்பநிலை 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு; 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கிலும் பாதிப்பு. ஒன்றும் நிகழாத பயணங்களில்தான் விடை இருந்தது.

உங்கள் வரைபடத்தில் விலகியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். விலகாமல் இருப்பவர்களில் எத்தனை பேர் புகார் செய்தார்கள்?

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே அந்தத் தரவையும் எடுத்துப் பார்த்தேன். எங்களை விட்டு விலகாமல் இருப்பவர்களும் ஏறக்குறைய அதே அளவு புகார் செய்திருக்கிறார்கள். புகாருக்குத் தீர்வு கிடைக்க எடுத்துக்கொண்ட நாள்களில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. புகார்களைக் குறைக்கத் தயாரிப்புப் பிரிவுக்கு நிதி ஒதுக்கலாம் என்று நான் பரிந்துரைத்திருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இரு தரப்பையும் அருகருகே காட்டும் புதிய வரைபடத்தை முதலில் அந்த மேலாளருக்கே அனுப்பப்போகிறேன்.