மஞ்சள் தூசிக்குச் சீனாவைத் திட்டுவதா, நம்மையே திட்டிக்கொள்வதா?

சுவோன் அப்பா:
காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே இருக்கும் அபார்ட்மென்ட் அரைகுறையாகத்தான் தெரிகிறது. நேற்று மாலை கழுவி நிறுத்திய கார் மேல் யாரோ மாவு சலித்துவிட்டுப் போன மாதிரி மஞ்சள் மண். பையன் பள்ளியிலிருந்து செய்தியும் வந்துவிட்டது, இன்றைக்கு வெளியே விளையாட்டு கிடையாது, கேஎஃப்80 முகக்கவசம் போட்டு அனுப்புங்கள் என்று. தென்கொரியாவுக்கு வந்து 9 வருடம் ஆகிறது, ஒவ்வொரு வசந்தத்திலும் இதே கதைதான். செர்ரி பூக்கிற பத்து நாளில் நான்கு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காற்றுச் சுத்திகரிப்பான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

நேராகவே சொல்கிறேன். இது சீனா அனுப்புகிற அழுக்கு. அங்கே புகைபோக்கி, அங்கே பாலைவனம், இங்கே நம் பிள்ளைகளுக்கு இருமல். பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை நம் வாசலில் கொட்டினால் பேசாமல் இருப்போமா? இந்த நாட்டு அரசு ஏன் நஷ்டஈடு கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறது?

துகள்பித்தன்:
அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் இரண்டு வேறு சாமான்களை ஒரே பையில் போட்டுவிட்டீர்கள். உங்கள் கார் மேல் இருப்பது ஹ்வாங்சா, அதாவது மண். கோபி பாலைவனத்திலும் உள் மங்கோலியாவிலும் பனி உருகி, புல் இன்னும் முளைக்காத மார்ச், ஏப்ரலில் குளிர்க்காற்று ஒன்று வேகமாக இறங்கும்போது நிலத்தின் மேல்மண்ணைக் கிளப்பி சில கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். அதன்பிறகு மேற்கிலிருந்து வீசும் காற்று பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் மஞ்சள் கடல் தாண்டி இங்கே வந்து இறங்கும். சில சமயம் இங்கேயும் நிற்காது. 2007 மே மாதம் தக்லமாகன் பாலைவனத்தில் கிளம்பிய ஒரு தூசிக்கூட்டம் 13 நாளில் பூமியையே ஒரு சுற்று சுற்றியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் தரவை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கி.பி. 174இல், சில்லா அரசர் அடால்லா காலத்தில், மண்மழை பெய்ததாகச் சாம்குக் சாகி என்ற கொரிய வரலாற்று நூலில் பதிவே இருக்கிறது. அப்போது எந்தச் சீனத் தொழிற்சாலை இருந்தது?

ஹ்வாங்சா பெரும்பாலும் பெரிய துகள், பிஎம் 10, அதாவது 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களின் கணக்கில் ஏறும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் சாம்பலாகிறதே, அது பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள். சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், கரிமப் பொருள். அதில் பெரும்பங்கு புகைபோக்கியிலிருந்து துகளாகவே வருவது கிடையாது, வாயுக்களாக வெளியே வந்து காற்றில் வினைபுரிந்து துகளாகிறது. நுரையீரலின் அடி வரைக்கும் போவது அதுதான். அதன் கணக்கில் நம் வீட்டுப் பங்கும் தாராளமாக இருக்கிறது.

சுவோன் அப்பா:
தம்பி, பாடம் நடத்தியதற்கு நன்றி, மண்ணை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொல்கிற அந்தச் சாம்பல் விஷயத்துக்கே வருவோம். 2019 ஜனவரி 11 முதல் 15 வரை நாடே மூச்சுத்திணறியதே, அதை ஆராய்ந்து கொரியாவின் தேசிய சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொன்னது? வெளிநாட்டுப் பங்கு 69 முதல் 82 சதவீதம், சராசரி 75. இது நான் சொல்வது கிடையாது, இந்த நாட்டு அரசு நிறுவனமே சொன்னது. முக்கால்வாசி வெளியிலிருந்து வருகிறது, நீங்கள் நம் வீட்டுப் பங்கு என்கிறீர்கள்.

மோர்க்குழம்பு:
நடுவில் ஒரு சந்தேகம். இன்றைக்கு அலுவலகத்தில் எல்லோரும் தூசி நாள் என்று சொல்லி சம்கியோப்சால் (சுட்ட பன்றி வயிற்றுக்கறி) சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள், பன்றிக் கொழுப்பு தொண்டையில் ஒட்டிய தூசியை வழுக்கிக்கொண்டு போகுமாம். நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். எனக்கு விமோசனம் உண்டா?

துகள்பித்தன்:
அக்கா, அது சுரங்கத் தொழிலாளிகள் காலத்து நம்பிக்கை. மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு. தயிர்சாதமே போதும்.

அண்ணே, உங்கள் 75 சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஐந்து நாள் கணக்கு. 2019 நவம்பரில் கொரியா, சீனா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் 2017ஆம் வருடம் முழுவதுக்குமான சராசரி இருக்கிறது. கொரியாவின் பிஎம் 2.5இல் உள்நாட்டுப் பங்கு 51 சதவீதம், சீனாவிலிருந்து 32. இதற்கு முன்னால் 2016 மே, ஜூனில் நாசாவும் நீங்கள் சொன்ன அதே நிறுவனமும் விமானங்களைப் பறக்கவிட்டு அளந்தபோது சியோல் ஒலிம்பிக் பூங்காவில் உள்நாடு 52, சீனா 34, வடகொரியா 9 என்று வந்தது.

சுவோன் அப்பா:
மே, ஜூனில் அளந்தால் அப்படித்தான் வரும்! அந்த மாதத்தில் சீனாவில் வீட்டைச் சூடாக்க யார் நிலக்கரி எரிக்கிறார்கள்? மழைக்காலத்தில் வந்து ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று எழுதிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. அந்த மூன்று நாட்டு அறிக்கையும் 2018இலேயே வந்திருக்க வேண்டியது, சீனா ஒத்துக்கொள்ளாமல் ஒரு வருடம் இழுத்தடித்தது. அப்புறம் மூன்று நாட்டுக் கணினி மாதிரிக் கணக்கையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு எண்ணைப் போட்டார்கள். இது அறிவியலா, பஞ்சாயத்தா?

துகள்பித்தன்:
மே, ஜூன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதைக் குளிர்காலத்துக்கு நீட்டக் கூடாது. பஞ்சாயத்து என்பதும் பாதி உண்மைதான். ஆனால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட எண் அது ஒன்றுதான். நாளைக்குச் சீனாவிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் அவர்கள் மறுக்க முடியாத எண்தானே கையில் வேண்டும்?

பீஜிங் ரிட்டர்ன்:
நான் 2012 முதல் 2018 வரை பீஜிங்கில் வேலை பார்த்தவன். 2013 ஜனவரியில் எங்கள் 14ஆம் மாடியிலிருந்து கீழே தெரு தெரியாது. அந்த வருடம் பீஜிங்கின் பிஎம் 2.5 சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 90 மைக்ரோகிராம். 2021இல் 33. எட்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. சும்மா நடக்கவில்லை. நிலக்கரிக் கொதிகலன்களைப் பிடுங்கிப் போட்டார்கள், 2017 குளிர்காலத்தில் எரிவாயு இணைப்பு வந்து சேருவதற்கு முன்பே கிராமங்களில் கரி அடுப்பைத் தடை செய்து மக்கள் நடுங்கியதெல்லாம் நடந்தது. அந்த முறையை நான் பாராட்டவில்லை, ஆனால் சீனா ஒன்றுமே செய்யவில்லை என்பவர்கள் அங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மண்தூசி விஷயத்தில் சீனாவும் உங்களை மாதிரியேதான் பேசுகிறது அண்ணே. 2021 மார்ச்சில் பீஜிங்கே ஆரஞ்சு நிறமாகி, சில இடங்களில் பிஎம் 10 அளவு 8,000ஐத் தாண்டியபோது, இது மங்கோலியாவில் கிளம்பியது, நாங்கள் வழியில் இருக்கிற ஊர்தான் என்று அவர்கள் வெளியுறவு அமைச்சகமே சொன்னது. அந்தப் புயலில் மங்கோலியாவில் 10 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் ஆடு மேய்ப்பவர்கள். சரி, இப்போது அவர்களிடம் போய் நஷ்டஈடு கேட்போமா?

சுவோன் அப்பா:
மேய்ப்பவனிடம் யார் கேட்கச் சொன்னது? 1978 முதல் வடக்கில் மரச்சுவர் கட்டுகிறோம் என்று சீனா சொல்லிக்கொண்டிருக்கிறது, இத்தனை வருடம் கழித்தும் என் கார் மேல் மண் விழுகிறது.

பீஜிங் ரிட்டர்ன்:
கிலோமீட்டர் கணக்கில் உயரப் போகிற மண்ணை இருபது அடி மரம் எப்படித் தடுக்கும்? மரம் அது நிற்கிற இடத்தில் மண் கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான், அதுவும் தண்ணீர் இருந்தால். 2019 கணக்கில் மங்கோலியாவில் 33 லட்சம் மக்கள், சுமார் 7 கோடி கால்நடை. அதில் ஆடு கிடுகிடுவென்று பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம் காஷ்மீர் கம்பளி. ஆடு புல்லை வேர் வரைக்கும் கடித்துவிடும், அப்புறம் மண் திறந்துகிடக்கும். அந்தக் கம்பளிச் சட்டை சியோல் கடைகளிலும் தொங்குகிறது. கொரியா 2007 முதல் மங்கோலியாவில் மரம் நட்டுக்கொண்டிருப்பது சும்மா புண்ணியத்துக்காக இல்லை.

புசான் தம்பி:
எல்லோரும் சியோலையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள், வருகிற கப்பல் போகிற கப்பல் எல்லாம் புகை. 2020க்கு முன்னால் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று உலக விதியே இருந்தது, இப்போது 0.5. மேற்குக் கடற்கரையில் டாங்ஜின், தேயான், போர்யோங் என்று வரிசையாக அனல்மின் நிலையம். கொரியாவின் நிலக்கரி அனல்மின் அலகுகளில் ஏறத்தாழ பாதி தெற்கு சுங்சியோங் என்ற அந்த ஒரு மாகாணத்தில்தான். சீனாவிலிருந்து காற்று எந்தப் பக்கமாக வருகிறதோ அதே பக்கத்தில் நம் புகைபோக்கியும் நிற்பதால் எது யாருடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

மோர்க்குழம்பு:
2016இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வீட்டில் கானாங்கெளுத்தி மீன் வறுத்தால் நுண்துகள் ஏறுகிறது என்று சொல்லி மீனவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலைத் திறந்து சமையுங்கள் என்று சொல்ல வந்தார்கள், ஊர் முழுக்க மீன்தான் குற்றவாளி என்று பேசிக்கொண்டது. சீனாவைக் கேட்கத் துணிச்சல் இல்லாதவர்கள் மீனைப் பிடித்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரம்மா இன்றைக்கும் சிரிப்பார். அதனால் சுவோன் அண்ணன் கோபம் எனக்குப் புரிகிறது.

சுவோன் அப்பா:
நன்றி அக்கா. ஐரோப்பாவில் 1979இலேயே எல்லை தாண்டும் காற்று மாசுக்கு ஒப்பந்தம் போட்டு அமிலமழையைக் கட்டுப்படுத்தினார்கள். இங்கே ஏன் முடியவில்லை? காரணம் ஒன்றுதான், பெரிய நாட்டைப் பார்த்து பயம்.

துகள்பித்தன்:
பயம் இருக்கலாம், ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் கொடுக்கவும் செய்தன, வாங்கவும் செய்தன, அதனால் ஆளாளுக்குக் குறைத்தால் ஆளாளுக்கு லாபம். இங்கே காற்று பெரும்பாலும் ஒரே திசையில் போகிறது. அதே மூன்று நாட்டு அறிக்கையில் கொரியாவிலிருந்து சீனாவுக்குப் போவது 2 சதவீதம்தான். ஆக, சீனாவிடம் பேரம் பேச நம் கையில் சரக்கு இல்லை. அடுத்த வரியையும் படியுங்கள். ஜப்பானின் பிஎம் 2.5இல் 25 சதவீதம் சீனாவிலிருந்து, 8 சதவீதம் கொரியாவிலிருந்து. நீங்கள் பீஜிங்குக்கு பில் அனுப்பினால் மறுநாள் டோக்கியோவிலிருந்து உங்களுக்கு ஒரு பில் வரும்.

சுவோன் அப்பா:
8 சதவீதம் என்பது எனக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மோசமான நாளில் முக்கால்வாசி வெளியிலிருந்து வருகிறது என்பது மாறவில்லையே. பையனைப் பூங்காவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்வது வருடச் சராசரியை வைத்துக் கிடையாது, அன்றைய எண்ணை வைத்து.

துகள்பித்தன்:
அன்றைய எண்ணையே எடுத்துக்கொள்வோம். பிஎம் 2.5 அன்றைக்கு 100 என்று வையுங்கள். 75 வெளியிலிருந்து, 25 உள்ளூர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஒரு நாள் வரம்பு 15. அதாவது வெளியிலிருந்து துளிகூட வராவிட்டாலும் நம் சொந்தச் சரக்கு மட்டுமே வரம்பைத் தாண்டுகிறது.

சுவோன் அப்பா:
அதே கணக்கை நானும் போடுகிறேன். அந்த 75 வராமல் இருந்தால் மீதி 25. இந்த ஊர்ப் பட்டியலில் 16 முதல் 35 வரை "சாதாரணம்". பள்ளி விளையாட்டை நிறுத்தாது. என் பையன் வெளியே ஓடுவான். எனக்கு வேண்டியது அதுதான்.

துகள்பித்தன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே, இது சரியான கணக்குதான். "சாதாரணம்" என்று போட்டிருப்பதால் அது உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று அர்த்தம் இல்லை, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். வருடத்தில் பல நாள் உள்ளே போவது அந்தச் சாதாரணம்தான்.

புசான் தம்பி:
அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் மண் படிந்த அந்தக் கார் டீசல்தானே?

சுவோன் அப்பா:
இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆமாம், டீசல். பழைய வண்டியாக வாங்கினேன், 2014 மாடல். அப்போது "கிளீன் டீசல்" என்று இந்த அரசே தலையில் தூக்கிவைத்து ஆடியது, அரசு வாகன நிறுத்தத்தில் பாதிக் கட்டணம். 2018இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு இப்போது என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறார்கள். புகைக் கணக்கில் கடைசியான 5ஆம் தர வண்டி கிடையாது, டிசம்பர் முதல் மார்ச் வரை இருக்கிற தடையில் வராது. மாற்றலாம் என்றால் மின்சாரக் காருக்குக் காசு யார் தருவது?

பீஜிங் ரிட்டர்ன்:
மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். 2019இல் கொரிய மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரி. புசான் தம்பி சொன்ன அதே புகைபோக்கிகள்.

புசான் தம்பி:
அதற்காக டீசலே இருக்கட்டும் என்பீர்களா? புகைபோக்கி ஊருக்கு வெளியே இருக்கிறது, டீசல் புகை பள்ளி வாசலில் விழுகிறது.

மோர்க்குழம்பு:
சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மொட்டை மாடியில் போன வாரம் பிழிந்த வடாம் காய்கிறது. எடுத்துவிடவா?

துகள்பித்தன்:
எடுத்துவிடுங்கள் அக்கா. மண்தான், ஆனால் வழியில் தொழிற்பேட்டைகள் மேலெல்லாம் கடந்து வந்த மண்.

அண்ணே, ஒரு உபயோகமான விஷயம் சொல்கிறேன். மஞ்சள் கடலில் பேங்னியாங் என்று ஒரு தீவு இருக்கிறது, கொரியாவின் மேற்கு ஓரம். மேற்கிலிருந்து எது வந்தாலும் அங்கே இருக்கிற அளவுமானியில் முதலில் தெரியும், பல மணி நேரம் கழித்துத்தான் சியோல் பக்கம். அங்கே பிஎம் 10 இறங்கிவிட்டால் நமக்கும் சீக்கிரம் இறங்கும். சியோல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சுவோன் அப்பா:
இப்போதுதான் பார்த்தேன். காலையில் முந்நூறைத் தாண்டி இருந்திருக்கிறது, இப்போது 90, இறங்கிக்கொண்டே வருகிறது. இரவுக்குள் இங்கேயும் தெளிந்துவிட்டால் நாளைக்குக் காலையில் பையனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். இன்னும் பூ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மோர்க்குழம்பு:
காரிலா?

சுவோன் அப்பா:
நடந்துதான் அக்கா. இருநூறு மீட்டர்.