புதுப்பிப்பு: அந்த லென்ஸ் காசு விசயம்

போன மாசம் கேட்டிருந்தன்: ஈபே எண்ட இணையச் சந்தையில ஏலத்தில எடுத்த பழைய நிக்கோன் லென்ஸுக்கு, "ஈபேக்கு வெளிய, வெஸ்டர்ன் யூனியனில காசு அனுப்புங்க, 10% குறைக்கிறன்" எண்டு விற்கிறவர் எழுதியிருக்கார், அனுப்பலாமா எண்டு. எல்லாரும் ஒரே வாயில வேணாமெண்டீங்க.

அனுப்பல்ல. ஈபேக்குள்ளதான் கட்டுவன் எண்டதும் ஆள் மூச்சே இல்ல!

பிறகு வேற ஒருத்தரிட்ட லென்ஸ் எடுத்து, ஈபேயிலயே பேபால் எண்ட இணையக் கட்டணச் சேவையால கட்டினன். மட்டக்களப்பு கல்லடிக்குப் பார்சல் வந்து பிரிச்சா, கண்ணாடிக்குள்ள பூஞ்சணம். விவரத்தில அதப்பத்தி ஒரு சொல் இல்ல. இப்பிடியெண்டா பொருள் கிடைச்சு 30 நாளுக்குள்ள ஈபேயில முறையிடணும். நான் படத்தோட அண்டைக்கே போட்டன். திருப்பி அனுப்பினதும் காசு வந்திட்டு, அனுப்புற செலவும் விற்றவர்ட தலையில. கஸ்டம்ஸில கட்டினது மட்டும் போனது போனதுதான்.

பேபாலில "ஃபிரெண்ட்ஸ் அன்ட் ஃபெமிலி" எண்டு, சொந்தபந்தத்துக்கு அனுப்புற மாதிரி அனுப்பச் சொன்னாலும் மாட்டிராதீங்க, அதுக்குப் பாதுகாப்பே இல்ல.