ஐபிஓ அலாட்மெண்ட் நாள்: லட்டா, அல்வாவா?

காளையன்:
ஐபிஓ என்பது ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. விண்ணப்பித்தவர்களில் யாருக்குப் பங்கு என்று தெரியும் அலாட்மெண்ட் நாள் சாயங்காலமானால், முதலீட்டாளர்களின் எந்த அரட்டைக் குழுவிலும் ஒரே கேள்விதான்: "லட்டா, அல்வாவா?" லட்டு என்றால் பங்கு கிடைத்தது, அல்வா என்றால் கிடைக்கவில்லை. பெரும்பாலும் அல்வா. உடனே ஒருவர், "மாமியார் பேர்ல பாருங்க, அங்கதான் விழுந்திருக்கும்" என்பார். அந்தச் சிரிப்புக்குள் கணக்கும் இருக்கிறது. சிறு முதலீட்டாளர்களுக்கான சில்லறைப் பிரிவில் விண்ணப்பங்கள் அளவுக்கு மீறிக் குவிந்தால் கணினிக் குலுக்கல்தான். விழுந்தவருக்கு ஒரே ஒரு லாட், அதாவது விண்ணப்பிக்கக்கூடிய மிகச் சிறிய பங்குக் கட்டு. 13 லாட் கேட்டவருக்கும் 1 லாட் கேட்டவருக்கும் வாய்ப்பு சமம். ஆகவே ஒரே பெயரில் 13 லாட் போட்டுச் சுமார் 2 லட்சத்தை முடக்குவதைவிட, வீட்டில் நாலு பேர் பெயரில் ஆளுக்கொரு லாட் போடுவது மேல். ஒரு பான் எண்ணில் இரண்டு விண்ணப்பம் போட்டால் நிராகரித்துவிடுவார்கள்.

நெல்லைக்காரன்:
மாமியார் பேரில் போடுகிறவர்கள் சறுக்குவது யுபிஐயில். பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்கு அவருடையது, வங்கிக் கணக்கு மருமகனுடையது என்றால் தள்ளுபடிதான். இரண்டும் விண்ணப்பிப்பவருடையதாகவே இருக்க வேண்டும். அப்புறம் மேண்டேட், அதாவது விண்ணப்பத் தொகையை வங்கிக் கணக்கில் முடக்கிவைக்க யுபிஐயில் நாம் தரும் ஒப்புதல். குறுஞ்செய்திக்குக் காத்திருக்காமல், செயலிக்குள் மேண்டேட் பகுதியைத் திறந்து பாருங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மாலை 5 மணிக்குள் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் செல்லாது. நல்ல குழுவில் அன்று மத்தியானம் முழுக்க யாராவது "மேண்டேட்... மேண்டேட்..." என்று பால்காரர் மாதிரி குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அவரை யாரும் அடக்காதீர்கள்!

கட்-ஆஃப் விலையில் (கடைசியில் முடிவாகும் விலைக்கே வாங்கச் சம்மதம் என்பது) டிக் போட மறக்கவேண்டாம்.

தராசு:
பங்கு சந்தையில் முதன்முதலாக விற்பனைக்கு வரும் லிஸ்டிங் நாளுக்கு வருவோம். டாடா டெக்னாலஜிஸ் 2023 நவம்பர் 30 அன்று 500 ரூபாய்ப் பங்கு 1,200-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட நாளில், கிடைத்தவரிடம் ட்ரீட் கேட்பது நியாயமே. எல்ஐசி வேறு கதை. 949 ரூபாய்க்கு வந்து, 2022 மே 17 அன்று தேசியப் பங்குச் சந்தையில் 872-இல் தொடங்கியது. 60 ரூபாய் தள்ளுபடியோடு 889-க்கு வாங்கிய பாலிசிதாரருக்கும் நஷ்டம். "பாலிசிதானே சார், முதிர்வு வரைக்கும் வெச்சிருங்க, நடுவுல சரண்டர் பண்ணாதீங்க" என்ற கிண்டல் அங்கே பொருந்தும், ஏனென்றால் அடி எல்லாருக்கும் பொது. ஒருவர் மட்டும் கடன் வாங்கிப் போட்டு இழந்திருந்தால் கிண்டல் கூடாது. என்ன விலைக்கு, எத்தனை பங்கு, எத்தனை சதவீத வட்டி என்று கேட்டு, சேர்ந்து கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

மஞ்சள்பை:
பங்கு கிடைத்ததா என்று காட்டும் பதிவாளர் நிறுவனத்தின் தளம் அலாட்மெண்ட் அன்று ராத்திரி திக்கும். மும்பைப் பங்குச் சந்தைத் தளத்திலும் பார்க்கலாம். அல்வா என்று தெரிந்தும் முடக்கிய பணம் விடுபடவில்லையென்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். "நிச்சயமா அலாட்மெண்ட் வாங்கித் தர்றேன்" என்று தனியாகச் செய்தி அனுப்புகிறவன் மோசடிக்காரன். குலுக்கலில் யாராலும் கைவைக்க முடியாது. படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டு அவனைத் தடை செய்யுங்கள்.