சிங்கப்பூரில் பணிப்பெண்: மாதம் ஒரு லீவு போதுமா?

பொங்கோல்வாசி:
போன மாதம்தான் சென்னையிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை விசா) வந்தோம். மனைவிக்கும் வேலை கிடைத்துவிட்டது. மகளுக்கு 2 வயது. வீட்டோடு தங்கி வேலை செய்யத் தமிழ் பேசும் பணிப்பெண் தேடுகிறோம். ஏஜென்ட் ஒருவர், "மாதம் ஒரு நாள் லீவு போதும், மற்ற ஞாயிறுகளுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். வெளியே விட்டால் தலைவலி. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் மாமா:
லீவு விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது சரிதான். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு நாளாவது கட்டாயம் விட வேண்டும், அதற்குப் பதிலாகக் காசு கொடுக்க முடியாது. மற்ற நாள்களுக்கு அவள் சம்மதித்தால் காசு. 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம் என்றால் 26 வேலை நாளால் வகுத்து நாளுக்கு 25. மூன்று ஞாயிறுக்கு 75 வெள்ளி. எங்கள் வீட்டில் இருந்தவள் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பாதிக்கத்தானே வந்திருக்கிறார்கள்? நாம் கட்டுவதைப் பாருங்கள். சிங்கப்பூர்க்காரர் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் லெவி, அதாவது அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் வரி, 60. நமக்கு 300. அதற்கு மேல், அவள் விதியை மீறினால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளக்கூடிய 5,000 வெள்ளி பாண்ட் (பிணைத்தொகை). ஞாயிறு வெளியே போய் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

ராத்திரி ஷிஃப்ட்:
"அவளே கேட்டாள்" என்று சொல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை மாமா. ஆரம்ப மாதங்களில் சம்பளத்தில் பெரும்பகுதி ஏஜென்சிக் கடனுக்கே போய்விடும். கையில் காசில்லாதவரிடம் "லீவா, 25 வெள்ளியா" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்?

பாண்ட் பூச்சாண்டியும் பழையது. விதிமுறைகளை (கர்ப்பமாகக் கூடாது என்பதும் அதில் ஒன்று) அவருக்குச் சொல்லிவிட்டு, மீறியது தெரிந்ததும் மனிதவள அமைச்சுக்கு நீங்கள் தகவல் கொடுத்துவிட்டால், அவர் கர்ப்பமானார் என்பதற்காக உங்கள் பணத்தை எடுக்க மாட்டார்கள். பொங்கோல்வாசி, பாஸ்போர்ட்டைத் தொடவே தொடாதீர்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே குற்றம். இதைச் சொல்லித் தருகிற ஏஜென்ட்டை முதலில் மாற்றுங்கள்.

உட்லண்ட்ஸ் மாமா:
பாஸ்போர்ட் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டம் பேசுவது சுலபம் அம்மா. என் தாயார் படுத்த படுக்கை. ஞாயிற்றுக்கிழமை என்று டயப்பர் மாற்றாமல் இருக்க முடியுமா?

ராத்திரி ஷிஃப்ட்:
என் மாமியாரும் அப்படித்தான் இருந்தார். ஒரு ஞாயிறு நானும் வீட்டுக்காரரும் அவரைத் தூக்கிக் குளிக்க வைத்தோம். ராத்திரி இரண்டு பேருக்கும் முதுகு நிமிரவில்லை. அதைத்தான் அந்த மியன்மார்ப் பெண் வாரத்துக்கு ஏழு நாளும் தனியாகச் செய்துகொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து எல்லா ஞாயிறும் லீவு விட்டோம்.

கடைசி பெஞ்ச்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 2 வயதுக் குழந்தைக்குச் சைல்டுகேர் இருக்கிறது. பெருக்கித் துடைக்கக் கம்பெனிகளிலிருந்து மணிக்கணக்கில் ஆள் வருவார்கள். பணிப்பெண் அவசியம்தானா என்று முதலில் வீட்டில் பேசுங்கள்.

பொங்கோல்வாசி:
மனைவிக்கு மீட்டிங் ராத்திரி எட்டு வரை இழுக்கும், சைல்டுகேர் ஏழு மணிக்கே மூடிவிடும். சென்னையில் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவையே அழைத்து வரலாமா? மகள் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொள்வாள்.

ராத்திரி ஷிஃப்ட்:
23 வயது ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது 50 ஆகியிருக்கக் கூடாது, எட்டு வருடமாவது பள்ளிப் படிப்பு வேண்டும். பெரும்பாலும் படிப்பில்தான் தட்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று யோசியுங்கள். சென்னையில் அந்த அக்கா வேலையை முடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். இங்கே சாயங்காலமும் உங்கள் வீட்டில்தான் இருப்பார். நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். அப்புறம், பக்கத்து ஃபிளாட் நண்பருக்கு உதவி என்று அனுப்பிவிடாதீர்கள். அதுவும் சட்டப்படி தப்பு.

உட்லண்ட்ஸ் மாமா:
சரி, லீவு விடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வீட்டுக்கு ஆள்கள் வருகிற நாள். செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்ளச் சொன்னால்?

ராத்திரி ஷிஃப்ட்:
இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் எந்த நாளும் சரிதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண் போவது மியன்மார்க்காரர்கள் கூடுகிற பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதிக்கு. அவர் சிநேகிதிகளுக்கெல்லாம் ஞாயிறுதான் லீவு. செவ்வாய்க்கிழமை அங்கே போய் யாரைப் பார்ப்பார், மாமா?