ப்ளக்கைப் பிடுங்கியும் கீபோர்டு போச்சு: இடி, மின்னல், இசைக்கருவி – உங்க அனுபவம் என்ன?

கறுப்புக்கட்டை:

போன வாரம் என் கீபோர்டு செத்துப்போச்சு. சுவிட்சை அணைச்சு, அடாப்டரையும் கழட்டி வெச்சிருந்த கீபோர்டு. அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதறேன். உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க.

சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரெக்கார்டிங் பண்ணிட்டு இருந்தேன். காது அடைச்சிருந்ததால முதல் இடி கேட்கவே இல்லை. ஜன்னல் பளிச்சுன்னு வெளுத்தப்பதான் நிமிர்ந்தேன். ஹெட்போனைக் கழட்டி எண்ணினேன். அடுத்த மின்னலுக்கும் அதோட இடிக்கும் நடுவுல 12 நொடி. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும், அப்போ 4 கிலோமீட்டர். இன்னும் ஒரே ஒரு டேக் எடுத்துடலாமான்னு கை அரிச்சுது. அடக்கிக்கிட்டு, கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், கீபோர்டு அடாப்டர் மூணையும் பிடுங்கிப் போட்டுட்டுப் பெருமையா எழுந்து போனேன்.

கால் மணி நேரம் கழிச்சு பக்கத்துல எங்கேயோ விழுந்துச்சு. ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்துது. ரூமுக்குள்ள வந்தா, மோட்டார் காயில் எரிஞ்சா வருமே, அந்த வாடை.

ரிப்பேர்காரர் கீபோர்டைத் திறந்து, பூதக்கண்ணாடியை என் கையில கொடுத்தார். யூஎஸ்பி சாக்கெட்டை ஒட்டின சிப்போட முதுகுல கடுகளவு பள்ளம், சுத்தியும் விளக்குக் கரி படிஞ்ச மாதிரி கறுப்பு. "கரண்ட் ஒயர்ல வரலை சார், டேட்டா ஒயர்ல வந்திருக்கு"ன்னார். அப்புறம்தான் வழியே புரிஞ்சுது. வெளியிலேர்ந்து வர்ற டெலிபோன் ஒயர், மோடம், நெட்வொர்க் கேபிள், கம்ப்யூட்டர், யூஎஸ்பி, கீபோர்டு, அங்கேர்ந்து ஆடியோ கேபிள், கடைசியா மேசைக்கடியில நான் சுத்தமா மறந்துபோன சவுண்ட் மிக்ஸர். மிக்ஸரோட ப்ளக் மட்டும் சுவத்துலேயே இருந்துச்சு, எர்த்தோட. வந்த அடிக்கு மண்ணுக்குப் போக ஒரு வழி வேணும். அதை நானே ஒயர் ஒயரா இழுத்துக் கொடுத்திருக்கேன். மிக்ஸர்ல ரெண்டு சேனலும் கம்ப்யூட்டரோட நெட்வொர்க் போர்ட்டும் கூடவே காலி.

நாலுதந்தி:

சும்மா பயமுறுத்தாதீங்க பாஸ். கீபோர்டு போறது வேற, ஆள் போறது வேற. 15 வருஷமா பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், இடி இடிச்சா இன்னும் குஷியா வாசிப்பேன். ஆம்ப்ளிஃபையர், அதான் ஆம்ப், அதோட சுவிட்சை அணைச்சா போதாதா? இல்லேன்னா ஸ்பைக் பஸ்டர்னு ஒண்ணு எதுக்கு விக்கிறாங்க?

சால்டர்வாடை:

நாலுதந்தி, கோவிச்சுக்காதீங்க, ரெண்டுமே போதாது. காத்து ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். அணைச்ச சுவிட்சுக்குள்ள இருக்கிற இடைவெளியே சில மில்லிமீட்டர்தான், கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. ஸ்பைக் பஸ்டரைத் திறந்தா உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வில்லை இருக்கும், வேரிஸ்டர்னு பேரு. வோல்டேஜ் எகிறினா அதைத் திருப்பி விட்டுடும். ஆனா ஒவ்வொரு அடி வாங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. வழக்கமான சின்ன எகிறலுக்கு அது சரி. ஒரு சாதாரண மின்னலே 30,000 ஆம்பியர். அது பக்கத்துல விழுந்தா, பொத்தான் வில்லை என்ன செய்யும்?

ஆள் விஷயத்துக்கு வர்றேன். உங்க பேஸ்ல தந்தியைத் தாங்கற கட்டை இருக்கே, பிரிட்ஜ், அதுக்கு அடியில மெல்லிசா ஒரு ஒயர் போகும், பார்த்திருக்கீங்களா? தந்தி எல்லாமே அது வழியா ஜாக், கேபிள், ஆம்ப் பாடி, சுவத்துல இருக்கிற எர்த்னு சேர்ந்திருக்கு. தந்தியில கை வெச்சா 'ம்ம்ம்'னு வர்ற இரைச்சல் குறையுதே, அது இதனாலதான். அதாவது வாசிக்கும்போதெல்லாம் கட்டடத்தோட எர்த்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. மின்னல் பக்கத்துல இறங்கினா அந்த எர்த்தே எகிறும்.

1972-ல ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, ஸ்வான்சீ மேடையில கிட்டாரோட மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார். 1976-ல யார்ட்பேர்ட்ஸ் குழுவோட முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப், வீட்டுல கிட்டார் வாசிக்கும்போது ஷாக் அடிச்சு இறந்தார். ரெண்டுலயும் மின்னலே இல்லை, எர்த் கோளாறுதான். இரைச்சல் போகட்டும்னு ப்ளக்கோட எர்த் முள்ளை வெட்டி எறியற ஆளுங்களைக் கண்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். சரி, அது தனிக் கதை.

கறுப்புக்கட்டை, உங்களுக்கும் ஒரு குட்டு. 12 நொடியில நீங்க ப்ளக்கைத் தொட்டிருக்கவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடிக்குள்ள வந்தாலே அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. அப்போ ஒயரை விட்டு விலகறதுதான் வேலை. பிடுங்கறதா இருந்தா வானம் கறுக்கும்போதே பிடுங்கிடணும், நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

மேடைக்குப்பின்:

திறந்தவெளி மேடையில சவுண்ட் பார்க்கிறவ நான். ஒரு தடவை பாதிக் கச்சேரியில தூரத்துல இடி. தலைக்கு மேல நட்சத்திரம் தெரியுது, ஒரு சொட்டு மழை இல்லை. வாசிக்கிறவங்களுக்குக் கேட்கிற மானிட்டர் ஸ்பீக்கர்ல "எல்லாரும் இறங்குங்க"ன்னு சொன்னேன். கிட்டார்காரர் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, "மழையே இல்லையேம்மா"ன்னு அடுத்த பாட்டுக்கு ட்யூன் பண்ண ஆரம்பிச்சார். மழை பெய்யற இடத்தைத் தாண்டிப் பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும்னு அந்த நேரத்துல வகுப்பா எடுக்க முடியும்? அந்த இடத்துலயே உசரமான பொருள் எங்க ஸ்பீக்கர் தூக்கியிருந்த இரும்புச் சட்டம்தான், அவர் அதுக்கு நேர் கீழே நிக்கிறார். சேனலை எல்லாம் ம்யூட் பண்ணிட்டேன். சத்தம் வரலேன்னா யாரும் மேடையில நிக்க மாட்டாங்க, இது என் அனுபவம்.

கடைசி இடி கேட்டதிலேர்ந்து 30 நிமிஷம் காத்திருக்கணும்னு கணக்கு. நடுவுல இடி கேட்டா மறுபடி முதல்லேர்ந்து. மூணு தடவை கடிகாரத்தைத் திருப்பி வெச்சேன். வேன்ல கண்ணாடியை ஏத்திட்டு உட்கார்ந்திருந்தோம். வயலின்காரர் மட்டும் வில்லை எடுத்து வாசிச்சுக்கிட்டே இருந்தார், ப்ளக் இல்லாத மகராசன். அன்னைக்கு எதுவும் விழலை. நடத்தினவர் இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை.

நாலுதந்தி:

பிரிட்ஜைக் கழட்டிப் பார்த்தேன். ஒயர் இருக்கு. 15 வருஷமா அது எதுக்குன்னே தெரியாம வாசிச்சிருக்கேன். சரி சால்டர், இடி நேரத்துல கை நமநமன்னா என்ன பண்றது?

சால்டர்வாடை:

பேட்டரியில ஓடற குட்டி ஆம்ப், இல்லேன்னா பேட்டரியில ஓடற லேப்டாப். எதுலேர்ந்தும் ஒரு ஒயர்கூட சுவத்துக்குப் போகக் கூடாது, சார்ஜர் உட்பட. அப்படின்னா தாராளமா வாசிங்க.

கறுப்புக்கட்டை:

கீபோர்டு நேத்து திரும்பி வந்துச்சு. சத்தம் வருது, ஆனா யூஎஸ்பி மட்டும் பிழைக்கலை. இப்போ பின்பக்கம் இருக்கிற பழைய அஞ்சு முள் மிடி சாக்கெட்டுலதான் (மிடின்னா இசைக்கருவிங்க ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பற முறை) கம்ப்யூட்டரோட பேச விடறேன். 1983-லேயே அந்த மிடியை வடிவமைச்சவங்க, வாங்கற பக்கத்துல ஆப்டோ ஐசோலேட்டர் வெச்சு, ரெண்டு கருவிக்கும் நடுவுல தகவல் மட்டும் வெளிச்சமா தாண்டிப் போற மாதிரி பண்ணியிருக்காங்க. மின்னலுக்காக இல்லை, எர்த் இரைச்சலுக்காகத்தான். புதுசா இருக்கேன்னு யூஎஸ்பி ஒயரை மாட்டினது நான்தான்.