மேகம் மூடும்போது சூரியக்கலத்தின் மோட்டர் நிற்பது ஏன்?

கல்லடி மாணவி:
உயர்தரப் பௌதிகச் செயன்முறைக்காகச் சிறிய சிலிக்கன் சூரியக்கலம் ஒன்றை முற்றத்தில் வைத்து அளந்துவருகிறேன். வெயில் எறிக்கையில் நன்றாகச் சுழலும் மோட்டர், மாரி மேகம் மூடியதும் நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டரைக் கழற்றி வோல்ற்றுமானியை இணைத்தால், வாசிப்பு சற்றே குறைந்திருக்கிறது. காரணத்தை விளக்குவீர்களா?

அக்கரைப்பற்று ஆசிரியர்:
மகள், உங்கள் அவதானிப்பு மிகச் சரியானது. உறிஞ்சப்படும் போட்டன்களே (ஒளித்துணிக்கைகளே) இலத்திரன்களை விடுவிப்பதால், குறுஞ்சுற்று ஓட்டம், அதாவது முனைகளை நேரடியாக இணைத்தால் பாயும் மின்னோட்டம், ஒளிச்செறிவுக்கு ஏறத்தாழ நேர்விகிதசமமாகும். சுமை எதுவும் இணைக்காதபோது வோல்ற்றுமானி காட்டும் திறந்த சுற்று அழுத்தமோ செறிவின் மடக்கையுடன் மாறுவதால், செறிவு பத்திலொன்றானாலும் கலமொன்றின் ஏறத்தாழ 0.6 வோல்ற்றில் 0.06 வோல்ற்று அளவே இறங்கும். மோட்டருக்குப் போதிய ஓட்டம் கிடைக்காததே அது நிற்கக் காரணம். திறந்த சுற்று வாசிப்பை மட்டும் வைத்துக் கலத்தை மதிப்பிடக் கூடாது என்று மாணவர்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன்; சுமைத்தடையை மாற்றி மாற்றி ஓட்டம், அழுத்தம் இரண்டையும் அளந்து வரைபு வரையுங்கள்.

கல்முனையில் கூரைச் சூரியப்படல் பொருத்துபவர்:
ஆசிரியர் கூறியதுடன் நிழலையும் வெப்பத்தையும் சேர்க்க விரும்புகிறேன். தொடராக இணைத்த கலங்களில் ஒன்றின்மீது மட்டும் தென்னோலை நிழல் விழுந்தாலும், நிழல் விழுந்த கலத்தைத் தவிர்த்து ஓட்டத்தைச் செல்லவிடும் புறவழி இருவாயி இல்லாவிடில் முழுத்தொடரின் ஓட்டமும் மட்டுப்படும். படலில் அச்சிட்ட வலு 25 பாகை செல்சியசுக்கு உரியது. கச்சான் காலத்து உச்சிவெயிலில் படல் அதைவிட மிகவும் சூடேறுவதால், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 சதவீத வலு இழக்கப்படுகிறது.

கல்லடி மாணவி:
மிக்க நன்றி. மழை நாளில் வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கில் அளக்கலாமா?

அக்கரைப்பற்று ஆசிரியர்:
அளக்கலாம். ஆனால் சிலிக்கன் ஏறத்தாழ 1100 நனோமீற்றர்வரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரையும், உறிஞ்சும்; வெள்ளை எல்.இ.டி. ஒளியில் அக்கதிர் மிகக் குறைவு. ஆகவே அந்த வாசிப்புகளை வெயில் வாசிப்புகளுடன் ஒரே வரைபில் சேர்க்காதீர்கள்.