மூலையில் நின்ற ஆள்

இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன், எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தொங்கல் காம்பரா, அதாவது கடைசி அறை, எங்களுடையது, கக்கூஸ் வெளியே கொஞ்சம் தள்ளி. மகளுக்கு ஐந்து வயது. விளக்கை அணைத்தால் கத்தல். ராத்திரி எழும்பி வெளியே போகப் பயந்து பாயை நனைக்கவும் தொடங்கிவிட்டாள். நானும் முதலில் ஏசித்தான் பார்த்தேன். பயம் போகவில்லை, என்னிடம் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் கவனித்தேன், சோறு வேண்டாமென்று அடம்பிடித்தால் மாமியார் "கிறீஸ் பூதம் வருது" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2011 ஆகஸ்டில் மலையகமெங்கும் அந்தப் பேச்சுத்தான், உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் ராத்திரியில் பெண்களைத் தாக்குகிறான் என்று. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆண்கள் பொல்லும் டோர்ச்சுமாக லயத்தைச் சுற்றிக் காவல் நிற்க, நாங்கள் பத்துப் பேர் ஒரே காம்பராவில் முடங்கிக் கிடந்தோம், கதவில் பூனை உரசினாலும் உயிர் போய் வரும். பெரியவர்களே நடுங்கிய கதையைச் சொல்லியா ஒரு பிள்ளைக்குச் சோறூட்டுவது? ஆனால் சண்டை பிடிக்கவில்லை. "மாமி, அவ பயத்தில வெளிய போறதில்ல, பாய் துவைக்கிறது நீங்களும் நானும்தான்" என்றேன். பூதம் அன்றோடு போய்விட்டது.

அடுத்து, "ஒன்றுமில்லை, படு" என்பதை விட்டுவிட்டு "எங்க இருக்குது, காட்டு" என்றேன். மூலையைக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, ஆள் மாதிரியேதான் இருந்தது. ஆணியில் என் படங்கு (கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவது), அதற்கு மேலே கவிழ்த்து மாட்டிய கொழுந்துக் கூடை, இரண்டும் சேர்ந்து தலையும் தோளுமாக. டோர்ச்சை அவள் கையிலேயே கொடுத்து அடிக்கவும் அணைக்கவும் விட்டேன். ஆள், படங்கு, ஆள், படங்கு. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. (படங்கை இடம் மாற்றவில்லை, மாற்றினால் நாளைக்கு வேறொன்று ஆளாகிவிடும்.) குளிரில் கூரைத் தகரம் சுருங்கி டக்கென்று சத்தம் போடுவதையும் அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

2025 பெப்ரவரி 9, பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகமிருக்கும். அடுத்த இரண்டு நாளும் முறை வைத்து ஒன்றரை மணி நேரம் வெட்டினார்கள். எங்களுக்கு இருட்டிய பிறகு. மெழுகுவர்த்தி கொளுத்தாமல் அவளை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கு எது முதலில் தெரிகிறது என்று விளையாடினோம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும், ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஜன்னல் விளிம்பு, சாமிப் படத்தின் சட்டம், அடுக்கிய பானை என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கிவிட்டது, கடைசியில் மூலையில் அந்தப் படங்கும். நடுவில் நான் போனை எடுத்து மணி பார்த்துவிட்டேன், எல்லாம் மறுபடி கறுப்பு. "கெடுத்துட்டீங்களேம்மா" என்று இந்தத் தடவை அவள் என்னை ஏசினாள்.

இப்போதும் கக்கூஸுக்குத் தனியாகப் போக மாட்டாள். நான் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நிற்க வேண்டும், உள்ளேயிருந்து "அம்மா நிக்கிறீங்களா" என்று இரண்டு தடவையாவது கேட்பாள். பாய் மட்டும் நனைவதில்லை. போன கிழமை கரண்ட் போனதும் மாமியார் தடவித் தடவித் தீப்பெட்டி தேட, "அப்பாயி, கொஞ்சம் பொறுங்க, கண்ணு பழகட்டும்" என்கிறாள்.